குரல் கொடுக்காமல் எறிந்த ஈட்டி

என் தங்கை புருஷனுக்குப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் ஒரு கிடங்கில் காவல் வேலை நிச்சயமாகியிருந்த தை மாதத்தில்தான் எங்கள் இருவருக்கும் ஈட்டிப் பைத்தியம் பிடித்தது. மாசியில் கப்பல். அதற்குள் பாகூர் ஏரியில் விரால் குத்திப் பழகிவிட வேண்டுமென்று இரண்டு தடிமாடுகளும் கிளம்பினோம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், ஏர் பிடித்துக் கை காய்த்தவர்கள். வலை தெரியும், தூண்டில் தெரியும். ஈட்டி மட்டும் தெரியாது.

கொல்லரிடம் மூன்று முள் வைத்து ஆளுக்கொன்று அடித்து வாங்கி மூங்கிலில் செருகினோம். மாப்பிள்ளை நிதானக்காரர். முதல் நாளே தண்ணீரில் இறங்க விடவில்லை. கரைச் சேற்றில் வாழைமட்டையைப் போட்டு ஐந்து நாள் குத்தவைத்தார். பிறகு அதே மட்டையைக் கல் கட்டி முழங்கால் தண்ணீரில் அமிழ்த்திக் குத்தினோம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மீன் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது என்பது இருபது தரம் தப்பிய பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

சட்டமும் அவர்தான் போட்டார். கலங்கிய தண்ணீரில் குத்தக் கூடாது. இடுப்புக்கு மேல் இறங்கக் கூடாது. ஈட்டியைக் கையை விட்டு எறியவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குத்துமுன் ஒரு குரல் கொடுத்து, மற்றவன் எங்கே நிற்கிறான் என்று பதில் வந்த பிறகே கையை ஓங்க வேண்டும்.

"அப்படிக் கத்தினா மீனு நிக்குமா மாப்ள?"

"ஓடுனா ஓடட்டும் மச்சான். நாளைக்கு வேற மீனு வரும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பத்து நாளில் அவர் நான்கு விரால் குத்திவிட்டார். நான் ஒரு தவளையைக்கூடக் குத்தவில்லை. தங்கை என் மூஞ்சிக்கு நேரே சிரித்தாள்.

அன்று காலை கோரையோரம் சிவப்புக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்தன. அடியில் தாய் விரால், ஒரு முழம் இருக்கும். குஞ்சை விட்டுப் போகாது, ஆனால் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடும். நின்ற இடத்திலிருந்து குத்த எட்டவில்லை. மாப்பிள்ளை பின்னால் கரைப்பக்கம் இருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் எறிந்தேன்.

அவர் கோரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். முள் குதிகால் நரம்பில் இறங்கிவிட்டது.

தோளில் சாய்த்துக் கரையேற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நான் வழுக்கி என் ஈட்டி மேலயே கால வச்சிட்டேன்னு சொல்லிடு மச்சான். உண்மை தெரிஞ்சா உன் தங்கச்சி உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா."

அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன்.

காயம் ஆறியது, நடை மட்டும் நேராகவில்லை. சைகோனுக்கு ஆள் எடுக்க வந்தவர் அவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு வேறொருவனைக் கூட்டிப்போனார். அதன்பின் கரும்பு வெட்டக்கூட அவரை யாரும் கூப்பிடாத நாளெல்லாம் தங்கை என்னிடம்தான் கொட்டித் தீர்ப்பாள். "கண்ண எங்க வச்சினு நடந்தாரு இந்த மனுசன்? நீயே கேளுணா. சைகோனு போயி ராசா மாதிரி இருக்க வேண்டியவரு!" நான் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்பார். பொய் சொல்லச் சொன்னது அவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கை கழுவுவேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

பல வருஷம் கழித்து விஷக்காய்ச்சலில் அவர் போனார். எடுப்பதற்கு முன், தங்கை அந்தக் காலைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, அன்னிக்கி நீ கூடத்தான இருந்த? இத்தினி வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டினேனே. நெசமாவே இவரு மேலதான் தப்பா? சொல்லுணா."

தடுக்க இனி அவர் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்.

"ஆமாம்மா," என்றேன். "வழுக்கிட்டாரு."