பாண்டியம்மாவிடம் மட்டும் ஏன் அவ்வளவு நேரம் பேசினாள்?

என் மகன் ஒளிந்திருந்த இடத்தைக் கடன் வசூல்காரர்களுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான்தான்.

மிரட்டலுக்குப் பயந்து சொன்னேன் என்று நினைத்து என்மேல் இரக்கப்பட்டுவிடாதீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. வாய் தவறியும் வரவில்லை. தெரிந்தே சொன்னேன்... பொறாமையில் சொன்னேன்!

யார்மேல் பொறாமை என்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா மேல். காலமான என் கொழுந்தனின் பெண்டாட்டி, என் ஓரகத்தி. எதற்காகப் பொறாமை? சிரிக்காதீர்கள். கடன் கேட்டு ஃபோன் பண்ணுகிற ஒரு பெண், என்னிடம் பேசுவதைவிட அவளிடம் அதிக நேரம் பேசினாள். அதற்காக!

எழுபதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு புத்தி எனக்கு.

கொடைக்கானல் மலைமேல் இருக்கிற எங்கள் கவுஞ்சியில் என் வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்காரர் போன பிறகும் எங்கள் காட்டைத் தரிசாகப் போட்டதில்லை. கேரட்டும் பூண்டும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கீழே சந்தைக்கு இறங்கின. யார் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை நான். இதைச் சொல்லாமல் எனக்கு மேலே எழுத ஓடவில்லை. கர்வம் என்றால் கர்வம்தான்... இருந்துவிட்டுப் போகட்டும்.

என் ஒரே மகன் முருகேசன். கொடைக்கானலில் டூரிஸ்ட்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட, கடனில் ஒரு ஜீப்பு எடுத்தான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு எஞ்சின் போனது, சீசனும் படுத்தது, தவணை நின்றது. கடன் கொடுத்தவர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டு, இன்னும் பாக்கி நிற்கிறது என்றார்கள்.

அவன் பழைய ஃபோன் நம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பெரும்பாறைக்கு இறங்கிவிட்டான். அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் டிரைவர் வேலை. தங்க ஒரு லைன் வீடும் கொடுத்தார்கள்.

"ஓடிப் போகலம்மா. ஒரு வருசம் மூச்சு விட்டா சேத்து வச்சுக் கட்டிருவேன். அதுவரைக்கும் யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. தோட்டத்துக்கு வந்து அவனுக கூச்சல் போட்டா மொதலாளி என்னை வச்சுக்க மாட்டாரு" என்றான்.

அந்த ஒரு வருஷம்தான் அவன் என்னிடம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

கடன் எடுக்கும்போது, அவன் இல்லாவிட்டால் கூப்பிட என்று இரண்டு நம்பர் எழுதிக் கொடுத்திருந்தான். ஒன்று என்னுடையது. இன்னொன்று பாண்டியம்மாவுடையது. பெற்றவளுக்குச் சமமாக அவள் நம்பர் எதற்கு? அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பிள்ளை கிடையாது. சின்ன வயதிலிருந்தே அவன் "சித்தி, சித்தி" என்று அவள் அடுப்படியில்தான் கிடப்பான். என் குழம்பைத் தொட்டுக்கொண்டு, "சித்தி வச்சது மாதிரி இல்லியே" என்பான். வெளியே சிரிப்பேன்... உள்ளே எரியும்.

முதலில் பேசியவன் ஓர் ஆம்பிளை.

"ஏம்மா, மகனை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றான்.

"ஏலே, யாருகிட்டப் பேசுற? கவுஞ்சிக்கு வந்து வீரம்மா வீடு எதுன்னு கேட்டுப் பாரு. வாசல்ல நின்னு இப்படிப் பேசு, வெளக்குமாறு பேசும்!"

அவன் அப்புறம் கூப்பிடவில்லை. அந்தப் பெண் வந்தாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

அதுதான் முதல் வார்த்தை. நான் திட்டுவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அந்த மூச்சு அப்படியே இறங்கிவிட்டது. நீங்களே சொல்லுங்கள்... தனியாக ஆக்கித் தனியாகத் தின்கிறவளிடம், சாப்பிட்டாயா என்று கேட்க வேறு யார் இருந்தார்கள்? முருகேசன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மற்ற நாளெல்லாம் ஃபோன் பெட்டிமேல் செத்துக் கிடக்கும்.

பேர் நித்யா என்றாள். மகன் எங்கே என்றாள். தெரியாது என்றேன். வந்தால் சொல்லச் சொன்னாள். சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் அதே பேச்சு.

எங்கள் வீட்டுக்குள் ஃபோன் மணி அடிக்கும், பேசினால் கேட்காது. மேலே தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் பேச முடியும். அவள் கூப்பிடுகிற நேரம் பழகிப்போனதும், அதற்கு முன்னாலேயே மேட்டுக்குப் போய் உட்காரத் தொடங்கினேன். வெள்ளனே சோலியை முடித்துவிட்டு, மடியில் பூண்டை வைத்து உரித்தபடி காத்திருப்பேன். யாராவது கேட்டால், "கடன்காரங்க தொல்லை தாங்கல" என்பேன்.

தொல்லையாம்! தலை சீவிக்கொண்டு போனேன் நான். ஃபோனில் முகமா தெரியப்போகிறது? ஆனாலும் சீவிக்கொண்டு போனேன்.

ஒரு நாள் மேட்டுக்கு ஏறும்போது அங்கே பாண்டியம்மா உட்கார்ந்திருந்தாள். காதில் ஃபோன். விழுந்து விழுந்து சிரிப்பு. நான் நின்று பார்த்தேன். பேச்சு முடியவே இல்லை. மூடுபனி வந்து மூடி, விலகி, வெயில் அடித்து, மறுபடி மூடியது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது, இம்புட்டு நேரம்?"

"அதான்க்கா, நம்ம முருகேசனைத் தேடுற கடன்காரப் பிள்ளை. கவிதான்னு பேரு. பாவம்க்கா... அதோட ஆத்தாவுக்குக் கால்ல ஆபரேசனாம். மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காகளாம். கலியாணத்துக்குக் கூப்பிடுறேங்குது!"

"என்கிட்ட நித்யான்னுல்ல சொன்னா..."

"எதுவோ ஒண்ணு, விடுங்க. சோறு திங்க எத்தனையோ பேரு வச்சுக்குதுக" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

என்னால் விட முடியவில்லை. எது நிசமான பேர்? என்னிடம் பொய்ப் பேரைச் சொல்லிவிட்டு, அவளிடம் உண்மைப் பேரைச் சொல்லியிருக்கிறாளா? ஆத்தாவின் கால்வலியை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானும்தானே கேட்டிருப்பேன்! நானும்தானே பாவம் என்றிருப்பேன்! இவளிடம் அப்படி என்ன இருக்கிறது? என் மகனும் அவள் பக்கம்... இப்போது முகம் தெரியாத ஒருத்தியும் அவள் பக்கம்!

அன்றைக்கு என் ஃபோன் அடிக்கவே இல்லை. மறுநாளும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் அடித்தது. அதே "சாப்பிட்டீங்களா". அதே கேள்வி. நான் தெரியாது என்றதும், "சரிம்மா, வச்சுடறேன்" என்றாள்.

"இரு தாயி" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "பாண்டியம்மாகிட்ட மட்டும் அம்புட்டு நேரம் பேசுற... நாங்கன்னா உனக்கு எளக்காரமா?"

சிரித்தாள். "அவங்க நல்லாப் பேசுவாங்கம்மா. உங்க மகனை அவங்கதான் வளர்த்தாங்களாமே? ரொம்பப் பாசம் வச்சிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம அவர் எங்கயும் போயிருக்க மாட்டாருன்னு தோணுது."

வளர்த்தாளா! அவளா வளர்த்தாள்?

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன். "பெத்தவ நான். எம்மகன் எங்க இருக்கான்னு எனக்குத்தான் தெரியும்!"

மெதுவாக, "நிஜமாவாம்மா?" என்றாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நெட்டு இறக்க ரோட்டில் பிரேக் இல்லாமல் இறங்கிய வண்டி இல்லை நான். நின்றேன். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்... பெரும்பாறை, காப்பித் தோட்டம், டிரைவர் வேலை என்று. ஒன்றுவிடாமல்! அவள், "தேங்க்ஸ்ம்மா, நீங்க எவ்ளோ நல்லவங்க" என்றாள். அந்தச் சொல் என் காதில் தேனாக இறங்கியதை மறைக்க மாட்டேன். மேட்டிலிருந்து இறங்கும்போது பாண்டியம்மா வீட்டு வாசலைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்... இனிமேல் உன்னைக் கூப்பிட மாட்டாள்டி!

அதுமட்டும் பலித்தது. அவளையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை.

சில நாளில் முருகேசன் கையில் ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். தனியாக.

மூன்று பேர் தோட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். கூலி கொடுக்கிற நேரம் பார்த்து, காப்பிப் பழம் பறிக்கிற அத்தனை பெண்களுக்கும் முன்னால் அவன் சட்டையைப் பிடித்துத் திருடன் என்றிருக்கிறார்கள். அவன் சேர்த்து வைத்திருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலாளி அன்றைக்கே லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவன் பெண்டாட்டி குழந்தையோடு வத்தலக்குண்டில் அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையும் வீடும் அமைந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

அவன் பையை வாசலில் வைத்துவிட்டு, என் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பாண்டியம்மா வாசலுக்குப் போனான். நான் பின்னால் போனேன்.

"இடம் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான் சித்தி. பெத்தவளும் நீங்களும். பெத்தவ சொல்லுவாளா?"

ரெண்டு பேருக்கா! அவளிடமும் சொல்லியிருக்கிறான்! அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வலித்தது அதுதான். என்ன பிறவி நான்?

பாண்டியம்மா முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒத்த வார்த்தை சொல்லலடா முருகேசா" என்றாள். "பூண்டு வெலை, மழை, என் முழங்கால் வலி... இதையே திருப்பித் திருப்பிப் பேசி அந்தப் பிள்ளை நேரத்தைத் தின்னுக்கிட்டு இருந்தேன். என்கிட்டப் பேசுற நேரமாச்சும் உன்னைத் தேடாதுல்ல..."

இப்போது தெரிகிறதா உங்களுக்கு? நான் பொறாமைப்பட்ட அந்தச் சிரிப்பும் நீளப் பேச்சும் எதற்கு என்று? என் பிள்ளைக்கு அவள் போட்டிருந்த வேலி அது. நான் போய் அதைப் பிடுங்கி எறிந்தேன்!

"மேட்டுல ஒக்காந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதை ஊரே பாத்திருக்கு. பஸ்ஸுல வர்றப்பவே சொன்னாங்க. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பினான்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. கேட்டாள்.

"அக்கா... அந்தப் பிள்ளை உங்ககிட்டயும் பேசுச்சுல்ல?"

முருகேசன் நின்று என்னைப் பார்த்தான். எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு சித்தி மிஞ்சியிருப்பாள்.

"என்கிட்ட அவளுக்கு என்ன பேச்சு? திட்டி வச்சுருவேன்ல" என்றேன்.

பாண்டியம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் வீட்டில் படுத்துக் கிடக்கும்போதே, நான் சில நாள் ஃபோனை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அந்த ஃபோன் பெண் கூப்பிடுவாளோ என்று. ஒருநாள் நானே அந்த நம்பரை அமுக்கினேன். போகவில்லை. அது என்ன ஆசை? அதற்கு என்ன பேர்? எனக்குத் தெரியவில்லை.

இப்போது முருகேசன் என்னோடு இருக்கிறான். காட்டு வேலை பார்க்கிறான். மாதத்துக்கொரு தடவை வத்தலக்குண்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, வாடிய முகத்தோடு வருகிறான். என் கையால் சாப்பிடுகிறான். என் குழம்பை யார் குழம்போடும் ஒப்பிடுவதில்லை. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதைத்தானே? கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அவன் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான்... அதனால் சொல்லவில்லை. பார்த்தீர்களா, திருந்தவில்லை நான். வெட்கம் இருக்கிறது, அழுகைகூட வருகிறது. ஆனால் திருந்தவில்லை.

போன வாரம் விடாத மழை. பாண்டியம்மா காட்டுக் கல்கட்டுச் சுவர் சரிந்து, பூண்டுப் பயிர்மேல் மண் விழுந்துவிட்டது. விடிந்ததும் அவள் ஒற்றை ஆளாகக் கல் சுமப்பது எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், மறுபடி உட்காருகிறாள்.

முருகேசன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். பிறகு எழுந்தான்.

"அம்மா... நான் போயி ரெண்டு கல்லைத் தூக்கிக் குடுத்துட்டு வெரசா வந்துர்றேன். என்ன இருந்தாலும் பாவம்."

போடா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு சொல்தானே?

"ஒன்னையக் காட்டிக் குடுத்தவளுக்கா?" என்றேன்.

அவன் தட்டுப் பக்கம் திரும்பினான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.