அக்காவுக்குக் கிடைக்காத ஊசி

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது என் இடது கால் வீங்கத் தொடங்கியது. கெண்டைக்காலில் வலி. தொட்டால் சூடு. செருப்புக்கூடப் போட முடியவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும், "மாசமா இருக்கிறவளுக்குக் கால் வீங்கத்தானே செய்யும்" என்றார்கள். எனக்கு மட்டும் பயம். என் அக்காவுக்கும் இப்படித்தான் ஏதோ சொன்னார்கள்.

அக்கா ரெஜினா, கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தவள். பெண் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்தபின் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்றார்கள். எங்களுக்கும் வேறொன்றும் தெரியாது. ஒரு காலையில், குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தவள் மூச்செடுக்க முடியாமல் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். த்ரீவீலரில் ஏற்றினோம். என் மடியில்தான் தலை. ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் போய்விட்டாள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாம்.

அந்த த்ரீவீலரில் நான் மன்றாடியதுபோல் வேறெப்போதும் மன்றாடியதில்லை. கேட்டது கிடைக்கவில்லை. அதன்பிறகு ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், உட்கார்ந்திருப்பேன், எழுந்து வருவேன். அக்காவின் மகள் ஷெரினை நானும் என் கணவர் நிக்சனும் எடுத்து வளர்த்தோம்.

இப்போது என் காலும் வீங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனேன். நெடுநாளைக்குப்பின் வாய் திறந்தது. "ஆண்டவரே, ஷெரினுக்கு ஒரு தாய் போனது போதும். எனக்கு வழி காட்டும்." வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்தபோது ஒரே எண்ணம்தான் இருந்தது: வீட்டுக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

ஸ்கேன் செய்தார்கள். தொடை இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி. டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். அக்காவின் கதையைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்தில வந்தீங்க. இரத்தம் உறையாம இருக்க இனி ஒவ்வொரு நாளும் ஊசி போடவேணும்."

கூட வந்த என் அம்மா குறுக்கிட்டார். "ஐயோ டொக்டர், அந்த மருந்து பிள்ளைக்குக் கூடாதெண்டு சொல்றாங்களே?"

"அது வேற மருந்து அம்மா, வாயால விழுங்கிற குளிசை. அது வயித்தில இருக்கிற பிள்ளையப் பாதிக்கலாம். அதாலதான் இப்ப குளிசை தரல்ல. இந்த ஊசி மருந்து நச்சுக்கொடியத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. பயப்படவேணாம்."

வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நிக்சன்தான் ஊசி போடுவார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் கை, ஊசியை மெதுவாக, மிக மெதுவாக இறக்கும். "நோகுதா?" என்று கேட்டுக் கேட்டுப் போடுவார். வயிறெல்லாம் நீலம் பாய்ந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் ஜெபித்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் அக்காவை நினைத்து அழுதேன்.

பிரசவத்துக்கு முன்பு டொக்டர் சொன்ன நேரத்தில் ஊசியை நிறுத்தினோம். மகன் சுகமாகப் பிறந்தான். அதன்பிறகு அந்தக் குளிசையைத் தொடங்கினார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு அம்மா, "அதைக் குடிச்சிட்டுப் பால் குடுக்காதீங்க, பிள்ளைக்கு இரத்தம் ஓடும்" என்று சொல்லிவிட்டார். நான் பயந்து பாலைப் பீய்ச்சி ஊற்றினேன். மகன் வீரிட்டு அழுதான். எனக்கு அக்காவின் நினைவு. அவளுக்குக் கடைசியாகச் சாரி உடுத்தியபோது சட்டை பாலில் நனைந்திருந்தது. ஷெரின் பால்மாவில் வளர்ந்தவள்.

டொக்டர் வந்து பார்த்துத் திகைத்தார். "ஏன் ஊத்துறீங்க? இந்தக் குளிசை வயித்தில பிள்ளை இருக்கேக்கதான் கூடாது. பால்ல அது சேராதெண்டே சொல்லலாம். தாராளமாக் குடுங்க. எல்லா மருந்தும் இப்படியில்ல, மாத்திறதெண்டா எங்களக் கேளுங்க. இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவறாம வாங்க."

மகனை மார்போடு அணைத்தேன். அவன் குடித்தான். நான் விம்மி விம்மி அழுதேன். என் மன்றாட்டு கேட்கப்பட்டது என்று அப்போதுதான் நம்பினேன்.

இன்று நான் சுகமாக இருக்கிறேன். மறுபடியும் ஜெபிக்கிறேன். ஆனால் என் துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சென்ற மாதம் ஷெரின் என்னிடம் கேட்டாள்.

"சித்தி, ஏன் என்ட அம்மாவுக்கு அந்த ஊசி போடல்ல?"

"எங்களுக்குத் தெரியாமப் போச்சு மகள்" என்றேன். ஆண்டவர் ஏன் அக்காவை எடுத்தார், என்னை விட்டார்? பதில் இல்லாமலே அவரைப் பற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்பான சகோதரிகளே, பிள்ளை சுமக்கும்போதோ பெற்றபின்னோ ஒரு கால் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். டொக்டர் தந்த மருந்தை யார் பேச்சையும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர் அங்கேயும் இருக்கிறார். நான் கண்டேன்.