பொன்னுக்கு வீங்கி என்றொரு பொய்

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக ஓய்வு பெற்றவள் நான். அழகாகப் போட்ட கட்டுகளை நம்புவதில்லை. விரிந்த காதுகளை ஆபரேஷன் செய்து ஒட்டவைத்துக்கொண்டு வந்த தம்பி மகள் மீராவின் தலைக்கட்டிலிருந்து வீசிய மருந்து நெடி, என்னை எழுபதுகளின் மெல்போர்னுக்குக் கொண்டுபோனது.

அன்று கட்டோடு உட்கார்ந்திருந்த சிறுமி நான். விரிந்த காதுகளை ஒட்டித் தைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தால் பின்னால் கல்யாணப் பேச்சில் குறை சொல்வார்கள் என்று பயந்த அம்மா, பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவைத்தாள். உடனே பக்கத்துத் தெரு சாரதா ஆன்ட்டி தன் தங்கச் சங்கிலியை எனக்குப் போட்டுவிட வந்துவிட்டார். அந்த நோய்க்குப் பொன்தானே மருந்து!

போட்டுவிட்டு என் கன்னத்தைத் தடவியவர், அம்மாவிடம் திரும்பினார்.

"ஏன் கமலா, வீக்கத்தையே காணோம்? காதைப் போட்டு எதுக்கு இப்படிக் கட்டியிருக்கு?"

"டாக்டர்தான் கட்டினார், அக்கா."

"எந்த டாக்டர்? மாட்டு டாக்டரா?" என்னிடம் குனிந்தார். "எங்கடி வலிக்குது?"

"இடது காதுல மட்டும். ரொம்ப வலிக்குது."

அம்மா அழுதபடி உண்மையைச் சொன்னாள். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்து, இடது காதின் தோலுக்கடியில் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். விட்டிருந்தால் காது சுருங்கிப்போயிருக்கும்.

"மீரா, ரெண்டு பக்கமும் வலிக்குதா?"

"நோ அத்தை, லெஃப்ட் மட்டும். நேத்தைவிட மோசம்."

தம்பியை வண்டி எடுக்கச் சொன்னேன்.

"வலி இருக்கத்தான் செய்யும்னு டாக்டர் சொன்னாரேக்கா?"

"எந்த டாக்டர்?" என்று கேட்டபடி செருப்பை மாட்டினேன்.