மாவு கம்பெனி மாப்பிள்ளை

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் பீர் பற்றி எழுதப் போகிறேன்.

கத்தரிக்காய் விலை, கரண்ட் கட், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுச் சண்டை... என்று நம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் இது. நானோ பத்தாம் வகுப்போடு நின்றவள். பகலெல்லாம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறேன். ஓட்டலில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட சர்வரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, பக்கத்து மேஜைக்காரர் கேட்கும்வரை விக்கிக்கொண்டே இருப்பவள். எனக்கு எதற்கு இந்த வேலை?

ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் மகள் நிவேதா பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு போனில், "அம்மா, ஒருத்தரப் புடிச்சிருக்குது" என்றாள். பெயர் கதிரவன். ஊர் திட்டக்குடிப் பக்கம். அப்பா அம்மா விவசாயம். இதுவரை எல்லாம் சரி.

"என்னா வேலை பாக்குறாரு?"



"ஃபெர்மென்டேஷன்மா."

"அப்டின்னா?"

"புளிக்க வெக்கிற வேலைம்மா. ஒரு ரெஸ்டாரன்டுல."

"மாவா?"

"ம்... அந்த மாதிரிதான்."

அந்த 'ம்'முக்குள் எவ்வளவு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் போய், பையன் மாவு கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம். "நல்ல தொழிலுதான். எந்தக் காலத்துலயும் ஜனங்க இட்லி துன்னாம இருக்கப் போறதில்ல" என்றார். நாத்தனார் கேட்டார். அவரிடமும் சொன்னேன். நாத்தனாரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. பையனை ஒருத்தரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 'மாவு கம்பெனி மாப்பிள்ளை' என்று பெயர் வந்துவிட்டது.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பீங்கான் யூனிட்டில், கரண்ட் பெட்டியில் மாட்டுகிற ஃப்யூஸ் கேரியர் வேகிற சூளையைப் பார்த்துக்கொள்கிறார். சாது. மகள் எது கேட்டாலும் தலையாட்டுகிற அப்பா. அவள் வேலைக்குக் கிளம்பின அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "யாரை வேணாலும் புடிச்சிக்கோ. எந்த ஊரா இருந்தாலும் சரி. குடியோட சம்பந்தப்பட்டவன் மட்டும் நம்ம வூட்டுக்கு வேணாம்."

ஏன் என்று அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அவருடைய தம்பி — என் கொழுந்தனார் — குடித்தே போய்ச் சேர்ந்தவர். நாற்பதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது பின்பக்கம் ஒதுங்கினால்கூட, இவர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவார்.

இப்போது புரிகிறதா, அந்த 'ம்...'?

போன ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்கக் கிளம்பினோம். அவர் வேலை பார்க்கிற இடத்திலேயே மத்தியானம் சாப்பிடலாம் என்று நிவேதா சொல்லியிருந்தாள். "மாவு அரைக்கிறவன் ஓட்டலு. இட்லி எப்டி இருக்கும் பாரு" என்று என் வீட்டுக்காரர் காலை டிபனையே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. 'பாண்டிக்குப் போறேன்' என்று ஓர் ஆம்பிளை சொன்னால், கேட்கிறவர் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வரும். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"பாண்டிக்கா? அண்ணனா? அண்ணியக் கூட்டிக்கினு போறீங்களே, எப்டி?"

"பொண்ணப் பாக்கப் போறோம்பா."

"சரி சரி... நம்பிட்டேன்."

கடலூர் வரும்வரை இவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

ஓட்டல் ஒரு பழைய மஞ்சள் வீட்டில் இருந்தது. வாசலில் இங்கிலீஷில் போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் வார்த்தை 'கர்ரி'. இரண்டாவது 'கிராஃப்ட்'. மூன்றாவதைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. கிராஃப்ட் என்றால் கைவினை. "ஏங்க, சாப்பாட்டோட பொம்மையும் விப்பாங்க போலிருக்குது" என்றேன். "நல்லதாப் போச்சி" என்றார்.

உள்ளே நுழைந்தோம். நடுவில் திறந்த முற்றம். முற்றத்தில் ஒரு மாமரம் — வெட்டாமல், அதைச் சுற்றியே மேஜை போட்டிருந்தார்கள். அந்த ஒன்றுக்கே அந்த ஓட்டல்காரர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால், ஆள் உயரத்துக்குமேல் பளபளவென்று எவர்சில்வர் டாங்குகள் வரிசையாக நின்றன.

என் வீட்டுக்காரர் நின்று பார்த்தார். குரலில் அப்படியொரு மரியாதை.

"இவ்ளோ மாவா..!"

நிவேதா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்பாவை அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். 'சொல்லிடு' என்று ஜாடை காட்டினேன். ஏதோ சரியில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் தட்டு வைத்துவிட்டார்கள். நல்ல பச்சை நிறப் பீங்கான் தட்டு. விருத்தாசலத்துக்காரர் முன்னால் பீங்கானை வைத்தால் என்ன ஆகும்? எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். விரலால் சுண்டினார். 'ணங்' என்றால் நல்ல தட்டு, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். எங்கள் ஊரில் டீக்கடைக் கப்பைக்கூட இப்படிச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்போம்.

ணங்.

சர்வர் ஓடி வந்தார். "சார், கூப்ட்டீங்களா?"

"இல்லப்பா."

அடுத்து என் தட்டு. ணங்.

"சார்?"

"உன்ன இல்லப்பா... தட்ட."

சர்வர் மெனு கார்டை நீட்டினார். "வெஜ் கறியா சார், நான்வெஜ் கறியா?"

"கறியில என்னப்பா வெஜ்ஜு?"

எங்களுக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி. அவர்களுக்குக் கறி என்றால் குழம்பு. இதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தச் சர்வர் வேர்த்துவிட்டார் பாவம். மெனுவை நிவேதாவே வாங்கிச் சொல்லி அனுப்பினாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கதிரவன் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கும்பிட்டார். ஒல்லியான பையன். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வாங்க. பஸ்ஸு ஒழுங்கா கெடச்சிதுங்களா?"

"கெடச்சிது தம்பி. ஒரு நாளைக்கி எத்தினி மூட்டை அரிசி போடுவீங்க?"

கதிரவன் நிவேதாவைப் பார்த்தார். நிவேதா மாமரத்தைப் பார்த்தாள்.

"அரிசி கம்மிதாங்க. பார்லி. அப்பறம் எங்க ஊரு கம்பு போடுறோம்."

"கம்புல இட்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நிவேதா அவ்வளவு கெஞ்சலாக அவரைப் பார்த்தாள். நானாக இருந்தால் 'ஆமாம், கம்பு இட்லி' என்று சொல்லியிருப்பேன்.

"இட்லி இல்லீங்க. பீரு."

வாசல் போர்டில் கொடி மூடியிருந்த மூன்றாவது வார்த்தை அதுதான் போலிருக்கிறது. 

"காய்ச்சுறீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

அந்த வார்த்தையை நீங்கள் எங்கள் பக்கத்தில் கேட்க வேண்டும். பால் காய்ச்சுகிறோம், கூழ் காய்ச்சுகிறோம். அதெல்லாம் சாதாரணக் குரலில் சொல்வது. குரலைத் தாழ்த்தி 'அவன் காய்ச்சுறான்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆமாங்க. லைசென்ஸோட."

"லைசென்சு இருந்தா போதை வராதா?"

"வருங்க."

"நீங்க குடிப்பீங்களா?"

"ருசி பாக்கணுங்க. அது வேலை. லீவு நாள்ல ஒரு கிளாஸ் குடிப்பேன். அதுக்கு மேல இல்லீங்க."

மேஜைக்குக் கீழே நிவேதா என் கையை நெரித்தாள். அவளுடைய கல்யாணம் என் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது. இவர் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை... பசி. காலையிலிருந்து வெறும் வயிறு. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்துவிட்டது.

அந்தச் சாப்பாட்டை என்னவென்று சொல்வேன்? முருங்கைக்காயும் பச்சை மாங்காயும் போட்ட ஒரு குழம்பு. மாங்காய்ப் புளிப்பு முதலில் நாக்கில் பட்டு, பின்னால் மெதுவாகக் காரம் வந்தது. நண்டுக்கு மிளகு இடித்துப் போட்டிருந்தார்கள், பொடி அல்ல. தொட்டுக்கொள்ள ஆப்பம். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. முப்பது வருடமாக ஆப்பம் சுடுகிறேன். ஒரு நாள்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. பெரிய ஓட்டல் என்றால் தட்டு பெரிதாகவும் சாப்பாடு துளியாகவும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தவறு. கேட்டுக் கேட்டு வைத்தார்கள்.

இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது ஆப்பத்தில் நிவேதா மெல்ல வாயைத் திறந்தாள். "ஆப்ப மாவு அவருதாம்ப்பா புளிக்க வெக்கிறாரு. பீருக்குப் போடுற ஈஸ்ட்லதான். நான் பொய் சொல்லல."

"பாதி சொல்லியிருக்க" என்றார். கை ஒரு நொடி நின்றது. பிறகு ஆப்பத்தைப் பிய்த்தது.

கதிரவன் எனக்கு ஒரு சின்னக் கிளாஸில் ஏதோ கொண்டுவந்து வைத்தார். "இது இன்னும் புளிக்க வெக்காததுங்க. வெறும் கம்பும் பார்லியும் வெந்த தண்ணி. போதை கெடையாது." பயந்துகொண்டே வாயில் வைத்தேன். வறுத்த தானிய வாசனையோடு லேசான தித்திப்பு. நன்றாகவே இருந்தது. இவர் பக்கம் வைத்த கிளாஸை இவர் தொடவில்லை.

அப்போதுதான் பக்கத்து மேஜையில் குரல் உயர்ந்தது. தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷன். நல்ல சட்டை, மேஜைமேல் கார் சாவி. இன்னொரு கிளாஸ் கேட்கிறார். சர்வர் தயங்குகிறார். நானும் நிவேதாவும் பார்க்காத மாதிரி தட்டிலிருந்த துவையலைத் தொட்டுக்கொண்டிருந்தோம். இவர் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கதிரவன் எங்களைவிட்டு அங்கே போனார். அந்த மேஜைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இன்னிக்கிப் போதும்ண்ணே."

"காசு குடுக்குறேன்ல? சும்மாவா கேக்குறேன்?"

"காசு பத்திப் பேச்சு இல்லண்ணே."

"போதும்னு சொல்ல நீ யாருடா?"

"காய்ச்சுனவன்ண்ணே."

 எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்ட அதே வார்த்தையை, அந்தப் பையன் சாதாரணக் குரலில், அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான்தாண்ணே இதக் காய்ச்சுனது. எவ்ளோ தாங்கும்னு எனக்குத் தெரியும். சாவியக் குடுங்க. ரசம் சோறு வரச் சொல்றேன், சாப்ட்டுட்டு உக்காருங்க. டிரைவர் ஒருத்தரக் கூப்புடுறேன், வூட்டுல வுட்டுட்டு வருவாரு."

அவர் திட்டினார். கதிரவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினார். கடைசியில் சாவி கை மாறியது. ரசம் சோறு வந்தது. அந்த மனுஷன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தபோதுதான் கதிரவன் எழுந்தார்.

நம் ஊர் விருந்து எப்படி? பரிமாறுகிறவர் 'இன்னும் கொஞ்சம்' என்பார். சாப்பிடுகிறவர் இலையை மறைத்துக்கொண்டு 'போதும் போதும்' என்பார். அந்த இழுபறிக்குப் பெயர்தான் உபசாரம். பரிமாறுகிறவரே 'போதும்' என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும், விற்கிறவர்... வாங்க ஆள் தயாராக இருக்கும்போது?

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கதிரவனிடம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "ஆப்பம் நல்லா இருந்திச்சி" என்றார். அவ்வளவுதான். நிவேதா எங்களை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

பஸ் வடலூரைத் தாண்டியது. இவர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பிக்கி ஊத்திக் குடுத்தவன் எத்தினி பேரு" என்றார் திடீரென்று. "எல்லாரும் இன்னொண்ணு குடி, இன்னொண்ணு குடின்னுதான் சொன்னானுங்க. ஒருத்தன்... ஒரே ஒருத்தன் போதும்னு சொல்லியிருந்தா..."

  தம்பியைப் பற்றி அவர் வாயால் பேசி நான் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன், நிவேதாவிடம் நம்பர் வாங்கி, திட்டக்குடியில் கதிரவன் வீட்டுக்கு அவரே போன் செய்தார். வெள்ளிக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.