குடையோடு வீடு தேடிய சனிக்கிழமை

புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமை அதிகாலையில் புறப்பட்டு அன்றே வீடு திரும்பிவிட்டேன். நடை, பஸ், ரயில் எல்லாம் சேர்த்தால் அறுபது மைலுக்கு மேல் வரும். அருவி பார்க்கப் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. பிள்ளையை வளர்க்க ஓர் ஊர் பார்க்கப் போனேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

என் கணவர் கண்டியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறார். கடைக்கு மேலேயே மற்ற ஆட்களோடு தங்கல். நான் டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, தொழிலாளர் லயத்தில் அம்மா அப்பாவோடு இருந்தேன். அவருடைய முதலாளிக்கு அட்டன், தலவாக்கலை, நுவரெலியா மூன்று ஊரிலும் கடை உண்டு. “குடும்பமாக இருக்கப் போகிறாய், எந்தக் கடையில் நிற்கிறாய் என்று தீபாவளிக்கு முன் சொல்” என்றாராம். தெரிந்த மூன்று வாடகை வீடுகளின் விலாசத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். தீபாவளி வியாபாரத்தில் இவருக்கு லீவு இல்லை. “எனக்கு எல்லா ஊரும் ஒரே கவுண்டர்தான். நீ பார்த்து முடிவு செய்” என்று அந்தத் துண்டை எனக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் வீடு தேடியதில்லை. லயத்துக் காம்பிரா என்கிற ஒற்றை அறை தோட்ட வேலையோடு வரும், வேலையோடு போகும். நான் படித்த நாவல்களில் வீடு பார்ப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். எனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“தண்ணி எங்க இருக்குன்னு பாரு. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னு பாரு. வேற என்னா இருக்கு பாக்குறதுக்கு?” என்றாள். பிறகு, “ஏன், இங்கயே இருந்தா என்னவாம்?” என்றாள். ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். அப்பா தன் பெரிய கறுப்புக் குடையைக் கொடுத்தார்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். இரண்டு மைல் இறக்கம் நடந்து டிக்கோயா ரோட்டுக்கு வந்து ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கு முன் அட்டன். முதல் விலாசம் கடைவீதிக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில் இருந்தது. மாடியில் இரண்டு அறை, வாடகை முப்பது ரூபாய். குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வரும் என்றார்கள். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். இந்த மலைப்பக்கத்தில் பிள்ளையைப் படிக்க வைக்க இதைவிட வசதியான ஊர் இருக்குமா தெரியாது. ஆனால் கீழே சாராயத் தவறணை. சாவியைக் கொண்டுவந்த கடைக்காரர் ஒளிக்கவில்லை.

“சாதாரண நாள்ல ஒன்னும் தெரியாது தங்கச்சி. சம்பளத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமதான் கொஞ்சம் திருவிழா மாதிரி இருக்கும்.”

“திருவிழா எத்தன மணிக்கு முடியும்?”

“சாமி கீழ விழுந்ததும் முடிஞ்சிரும்” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தத் திருவிழாவில் விழப்போகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார். மேல் ஜன்னலில் நின்று அவர்களைப் பார்க்க என்னால் முடியாது. துண்டில் அட்டனை அடித்துவிட்டேன்.

எட்டு மணிக்கு நுவரெலியா பஸ். கட்டணம் ஒரு ரூபாய் பத்து சதம், பயணம் இரண்டரை மணி நேரம். வயிற்றுப்பிள்ளையோடு போகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் தூக்கிப் போடும். பஸ் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் பக்கத்தில் பேச ஒருவர் இருந்தார். என் பக்கத்தில் இருந்தவர் ஒரு மூட்டை முட்டைக்கோஸுக்கு இடம் பிடித்திருந்தார். நானுஓயா தாண்டும்போது மழை பிடித்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்க விடவில்லை.

இரண்டாவது விலாசம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல், ஏற்றம். வீட்டுக்காரர் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். குடையை மடக்கிக்கொண்டு படிக்குக் கீழே நின்றேன்.

“வீடு பாக்க வந்தேனுங்க ஐயா. கண்டிக் கடை முதலாளி அனுப்பினாருங்க.”

“எந்தத் தோட்டம்?”

தோட்டத்திலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். இப்போது அங்கே துரை யார், ஃபாக்டரியில் பழைய டீமேக்கர் இருக்கிறாரா, அப்பா எந்தக் கங்காணியின் ஆள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு சாவியைக் கொடுத்தார்.

வீட்டை என்னவென்று சொல்வது! பலகைத் தரை. சுவரோடு கட்டிய கணப்பு. சமையலறைக்குள்ளேயே குழாய். பின்னால் கேரட் பாத்தி போடும் அளவுக்கு நிலம். முன் ஜன்னலைத் திறந்தால் மலை. நாவல்காரர்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கணப்புக்குப் பக்கத்தில் தொட்டில் எங்கே நிற்கும் என்று கூடப் பார்த்துவிட்டேன். கையால் அளந்தேன், இடம் சரியாக இருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கிளாக்கர் ஐயா சந்தோஷமாக இருந்தார்.

“நாப்பது ரூபாய்க்கு ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க. நான் குடுக்கல. நீ மரியாதை தெரிஞ்ச பிள்ளை. முப்பத்தஞ்சு குடு, போதும். இந்த ரோட்டுல எல்லாம் மரியாதையான ஆளுக. உன் பிள்ளையும் பாத்துப் பழகிக்கும்.”

“அடுத்த கிழமை எழுதுறேனுங்க ஐயா” என்றேன். மனதுக்குள் முடிவு எழுதியே ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அம்மா கட்டிய ரொட்டியைச் சாப்பிட்டேன். உடம்பு இடுப்பு வரை நனைந்திருந்தது. மலைச்சாரல் பக்கவாட்டில் அடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நல்ல வீடு கிடைத்தால் யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. சொல்ல ஆள் இல்லை. முட்டைக்கோஸ் மூட்டைக்காரரைக்கூடத் தேடினேன்.

திரும்பும்போது ரயிலில் வருவது நல்லது. பஸ்ஸில் ஐந்து மைல் நானுஓயா ஸ்டேஷன், அங்கிருந்து தலவாக்கலைக்குப் பன்னிரண்டு மைல், மூன்றாம் வகுப்பில் ஐம்பது சதம். மூன்று மணி வண்டி முக்கால் மணி நேரம் எடுத்தது. தலவாக்கலையில் இறங்காமல் அட்டனுக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். விலாசத்தைக் கொடுத்த முதலாளிக்கு மரியாதை என்று இறங்கினேன்.

மூன்றாவது வீடு தண்டவாளத்துக்குப் பின்பக்கம், கடைவீதியிலிருந்து கால் மைல். ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வீடு. ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றதைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரி ஆமினா உம்மா; அவருடைய கணவர் ஊருக்குள் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், குடியிருப்பும் அங்கேதான். முதலாளியின் கடையாட்கள் சொல்லி எனக்காகச் சாவியோடு வந்து வாசல் நிலையில் நின்றிருந்தார். நான் படிக்குக் கீழே போய் நின்று விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

“பொறுங்க மகள், பொறுங்க. குடை உடைஞ்சு போச்சா?”

“இல்லீங்களே. நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப ஏன் மடக்கிக் கையில வச்சுக்கிட்டு நனையிறீங்க?”

கையைப் பார்த்தேன். அப்பாவின் குடை மடங்கி, பட்டி கூடப் போட்டு, கக்கத்தில் இருந்தது. எப்போது மடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

தோட்டத்தில் துரைக்கு முன்னால், கணக்கப்பிள்ளைக்கு முன்னால், ஆபீஸைத் தாண்டும்போது யாரும் குடை பிடிக்க மாட்டார்கள். எவ்வளவு மழையானாலும் மடக்கிக்கொள்வார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. அப்பாவின் கையைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இத்தனை புத்தகம் படித்தேன், நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தேன். வீடு கொடுக்கக்கூடிய ஒரு மனிதருக்கு முன் போய் நின்றதும் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

“வயித்துல புள்ள வேற. விரிங்க, விரிங்க” என்றார் ஆமினா உம்மா.

விரிக்க முடியவில்லை. அவர் முகத்துக்கு நேரே குடையை விரிப்பது ஏதோ அவரை அடிப்பது போலிருந்தது. பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் “யா அல்லா” என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்து, குடையைப் பிடுங்கி விரித்து, என் தலைக்கு மேல் பிடித்தார்.

“என்ன மகள், நான் என்ன துரைச்சாணியா? பழைய ஆணி விக்கிறவன்ட பொஞ்சாதி. உள்ள வாங்க, வாசல்ல நின்னு வீடு பாக்க ஏலாது.”

வீடு சுமார்தான். இரண்டு அறையும் இருட்டு. கூட்ஸ் வண்டி போகும்போது தட்டு முட்டுச் சாமான் எல்லாம் ஆடும். ரயில் கரி ஜன்னல் விளிம்பில் படிந்திருந்தது. தண்ணீருக்கு முற்றத்துக் குழாய். பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். வாடகை இருபத்தெட்டு. தோட்டத்துப் பிள்ளையா என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். பக்கத்து வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நான் கேட்டேன், அம்மா கேட்கச் சொன்னதாயிற்றே. “யாரும் வரமாட்டாங்க மகள். அது சாமான் போட்டு வைக்க எங்களுக்கு வேணும்” என்றார்.

ஐந்தரை பஸ்ஸில் அட்டனுக்குத் திரும்பும்போது கிளாக்கர் ஐயாவின் முகம் கண்ணுக்குள் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. நாற்பதுக்குப் போகும் வீட்டை முப்பத்தைந்துக்குத் தரச் சம்மதித்தார். ஆனால் பத்து நிமிடம் நான் குடையை மடக்கி நனைந்ததைப் பார்த்ததால்தான் சம்மதித்தார். அந்தப் படிக்குக் கீழே என் பிள்ளையும் நிற்கும். பார்த்துப் பழகிக்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் கணவருக்கு ‘தலவாக்கலை’ என்று ஒற்றைச் சொல்லில் கார்டு போட்டேன். பதில் வந்தது: “முதல் கடிதத்தில் கணப்பு, கேரட் பாத்தி என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாயே, என்ன நடந்தது?” நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதி அங்கேயே தபாலில் போட்டதை மறந்தே போயிருந்தேன். நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். இன்னும் சொல்லவில்லை. அவர் தோட்டத்தில் பிறந்தவர் இல்லை. சொன்னால் சிரிப்பார், கெட்ட சிரிப்பாக இருக்காது, இருந்தாலும்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். தீபாவளி கழித்துக் குடி வந்தோம். இப்போது கார்த்திகை. அவர் காலை ஏழரைக்குக் கடைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார். லயத்தில் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கமிருந்து குரல் வரும். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஆணிப் பெட்டிகள். பகல் முழுக்க வண்டிகளின் நேரம்தான் எனக்குத் துணை. பதினொன்று பத்து வண்டிக்கு உலை வைப்பேன். தவறான ஊரைத் தேர்ந்தேனோ என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது தோன்றுகிறது.

வீடு தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை நாளில் போங்கள். கூரை எங்கே ஒழுகும் என்று அன்றுதான் தெரியும். மாசி வெயிலில் குழாயில் தண்ணீர் வருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். நுவரெலியாவை முதலில் பார்க்காதீர்கள், பிறகு எந்த வீடும் பிடிக்காது. காய்ந்த ரவிக்கை ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டைப் பார்க்கும் நேரத்தில் உங்கள் கையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து வரும்போது மழை. பின்னால் ஹாரன் கேட்டது; ஏதோ ஒரு தோட்டத்துத் துரையின் கார். ஒதுங்கி நின்றேன். கார் தாண்டிப் போன பிறகு பார்த்தால் குடை பாதி இறங்கியிருந்தது. நடு ரோட்டில் நின்று அதை மறுபடி மேலே தள்ளினேன். நேற்றைக்குப் பாதி. போன கிழமை இப்படி நின்றபோது முழுக்க மடங்கியிருந்தது. பிள்ளை தை மாதம் பிறக்கும். பிறந்து என் கையைப் பார்க்கத் தொடங்க இன்னும் சில மாதம் ஆகும். அதற்குள் பழகிவிட வேண்டும்.