காதால் வைத்த டைமிங்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் சுப்பராயலுவின் பட்டறையும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. இருபத்திரண்டு வருஷமாக அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் வியாபாரம் செய்கிறேன். வாயைத் திறந்தால் வண்டிக்காரனுக்கு அர்ச்சனை. ஆனாலும் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பழைய டீசல் வண்டிகள் அவரைத் தேடித்தான் வரும். எல்லாம் அவருடைய காதுக்காக.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி வரும்போது, சரியான நொடியில் பம்ப் டீசலைப் பீய்ச்ச வேண்டும். பிந்தினால் வெள்ளைப் புகை தள்ளும், இழுவை இருக்காது. முந்தினால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும், சூடேறும், கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே போய்விடும். மற்றவர்கள் இதை அளந்து வைப்பார்கள். சுப்பராயலு அளக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டல் லேசாகக் கேட்கத் தொடங்கும் இடம் வரை பம்பைத் திருப்புவார். அங்கிருந்து ஒரு நூல் பின்னால் இழுத்து முறுக்கிவிடுவார். ஐந்து நிமிஷ வேலை. காதாலேயே டைமிங் வைக்கிற ஆள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

பதினாறு வயதில் விழுப்புரத்து லாரி பட்டறையில் சேர்ந்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் எஞ்சின் பக்கத்திலேயே தலையை வைத்திருந்தால் எந்தக் காதுதான் தாங்கும்? ஒரு வருஷமாகவே எனக்குச் சந்தேகம். அவர் போன் அடித்தால் நான்தான் என் கடையிலிருந்து குரல் கொடுப்பேன். "தெரியும், எடுக்கத்தான் போறேன்" என்று என்மேல் பாய்வார். வீட்டில் அவர் மனைவி ருக்கு டிவி சத்தத்தைக் குறைப்பதும், இவர் கூட்டுவதுமாக ஒரே சண்டை. அந்த வாய்க்குப் பயந்து நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அது என் தப்பு.

மண்டகப்பட்டு தையல்நாயகிக்குச் சொந்தமாக மூன்று ஏக்கரும் ஒரு பழைய டிராக்டரும் உண்டு. தானே ஓட்டுவாள். கார்த்திகையில், வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவந்தாள். சுப்பராயலு டைமிங் வைத்துக் கொடுத்தார். மார்கழியில், மல்லாட்டைக்கு, அதுதான் நிலக்கடலைக்கு, உழவு ஓட்ட வேண்டிய வாரத்தில், அதே வண்டியோடு திரும்பி வந்தாள்.

"அண்ணா, டொக்கு டொக்குனு அடிக்குது. ரெண்டு சுத்து ஓட்டுறதுக்குள்ள சூடேறிடுது. நெலத்துல ஈரம் காஞ்சிக்கினு வருது."

சுப்பராயலு ஓடும் எஞ்சின்மேல் குனிந்தார். "எங்க அடிக்குது? நல்லாத்தான ஓடுது. கண்ட டீசலை ஊத்திக்கினு வந்து என் வேலைய கொற சொல்றியா?"

தட்டல் என் கடைக்குள் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

"கேக்கலியா அண்ணா?" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். எதற்கும் யாரிடமும் யோசனை கேட்காத மனிதர். "ஜெகா, அடிக்குதா?"

"அடிக்குதுங்க. நல்லாவே அடிக்குது."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போனவர், வளைந்த சின்னக் குழாய் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். பம்பில் முதல் சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அடியில் இருந்த வால்வையும் எடுத்துவிட்டு, இதை அங்கே மாட்டினார். டீசல் அதன் வழியே நூலாக வழிந்தது. தையல்நாயகியை எஞ்சினின் முன்னால் ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்பச் சொன்னார். நூல் மெலிந்து, சொட்டாகி, நிற்கிற நொடிதான் பம்ப் பீய்ச்சத் தொடங்கும் நொடி. இதற்குக் காது வேண்டாம், கண் போதும்.

"நிறுத்து" என்றவர், எஞ்சினின் சக்கரத்தில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். இருபத்து நாலு டிகிரியில் நிற்க வேண்டியது முப்பதில் நின்றது; ஆறு டிகிரி முந்திப் பீய்ச்சுகிறது. மூன்று தடவை திருப்பச் சொன்னார். மூன்று தடவையும் முப்பதுதான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தட்டல் கேட்கும் வரை திருப்புவதுதானே அவர் முறை? காது மந்தமாக ஆக, அவருக்குக் கேட்கிற இடம் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அவரும் கூடவே திருப்பிக்கொண்டே போயிருக்கிறார்.

இருபத்து நாலில் வைத்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டி எஞ்சினைக் கிளப்பினார். "இப்போ?" என்றார் தையல்நாயகியிடம்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அடங்கிடுச்சிண்ணா."

"எனக்கு அப்பவும் கேக்கல தையலு, இப்பவும் கேக்கல. டீசல் மேல பழி போட்டேன். கெடுத்தது நான்தான்."

அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு வருசத்துல வேற யாருக்கெல்லாம் வச்சிக் குடுத்தீங்க?" என்றாள்.

சுவரில் தொங்கிய தினக்காலண்டரின் பின்னட்டையில் வண்டிக்காரர்கள் பேரைக் கிறுக்கி வைப்பது சுப்பராயலுவின் வழக்கம். அதைக் கழற்றிக்கொண்டு என் கடைக்கு வந்து மேஜைமேல் போட்டார். பம்ப் வேலை மட்டும் பதினோரு பேர். நடுவில் ஒரு பேரின்மேல் விரலை வைத்தார்: பொம்மையார்பாளையம் அருள், படகு எஞ்சின்.

"வண்டின்னா ரோட்டுல நிக்கும். இது கடலுக்குப் போறது. மொதல்ல இவன்கிட்ட பேசு. எனக்கு போன்ல வெளங்காது."

"சும்மா ஒருதபா பாக்கணும், எஞ்சினைத் தொடாத, அண்ணா வர்றாருன்னு சொல்லட்டுங்களா?"

"எதுக்கு சுத்தி வளைக்கிற? சுப்பராயலுக்கு காது போயிடிச்சின்னு சொல்லு. அதுக்கப்புறம் அவன் கெளப்ப மாட்டான்."

நம்பரை அழுத்தினேன். அருள் எடுத்தான். சுப்பராயலு மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, நான் அதைச் சொல்கிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.