ஒரு சொட்டு மருந்துக்கு இத்தனை பேச்சு

மெடிக்கல் கடைக் கவுண்டரில் நிற்கிறவன், டாக்டரிடம் கேட்கப் பயந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, டாக்டருக்குச் சேர வேண்டிய திட்டையும் தானே வாங்கிக்கொள்கிறவன். தாராவியில், ஒரு சேட்டின் கடையில் முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு இதுதான் வேலை. மளிகைக் கடையோ மொபைல் ரிப்பேரோ, கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிற எல்லோருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும். ஆனாலும் உங்களைவிட நாங்கள் பாவம். உங்களிடம் அரிசி வாங்காமல் போனவன் வேறு எங்காவது வாங்கிச் சாப்பிடுவான். எங்களிடம் மருந்தை வாங்காமல் வைத்துவிட்டுப் போனவனை நினைத்து நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவன். மருந்தைப் பற்றிச் சொல்வது கவிதா மேடம் வேலை. கல்யாண் ஊரிலிருந்து ரயிலில் வருகிற எங்கள் பார்மசிஸ்ட். அவர் இந்தியில் சொல்வதை நான் நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் ஒரே வீட்டு விவகாரம்.

பாலுக்கு வந்த குறை

மைதீன் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. சொந்த ஊர் கடையநல்லூர். பெல்ட், பர்ஸ் தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். முதல் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே சீட்டோடு கடைக்கு வந்தான். தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பிள்ளைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து. மூன்றையும் எடுத்து வைத்தேன். மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, சொட்டு மருந்துக் குப்பியை மட்டும் ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான்.

"சுத்தமா தாய்ப்பால் குடிக்கான் அண்ணாச்சி. வெளிப்பால் ஒரு பாலாடை கிடையாது. அவனுக்கு என்னத்துக்கு மருந்து?"

மேடத்திடம் கேட்டுச் சொன்னேன். தாய்ப்பாலில் மற்றதெல்லாம் இருக்கிறது, இந்த ஒரு சத்து மட்டும் போதிய அளவு வராது. அதனால்தான் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இதை எழுதுகிறார்கள். பாலையும் நிறுத்தக் கூடாது, சொட்டையும் விடக் கூடாது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அவன் பெண்டாட்டி பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நான் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டது போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பிள்ளை பிறந்ததைக் கேட்டு வீடு தேடிப் போய் அல்வா கொடுத்தவன் நான். படியிறங்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"எம்பிள்ளைக்குத் தாய்ப்பால் இருக்கு. அந்தச் சொட்டை உங்க சேட்டுக்கு ஊத்துங்க, அவருதான் சோகை பிடிச்சாப்ல இருக்காரு."

டியூப்லைட் வெயில்

எங்கள் கட்டடத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் மாலிஷ் செய்து குளிப்பாட்டுகிறவள் சக்குபாய். மராட்டிக்காரி. பிள்ளை பெற்ற வீட்டில் டாக்டர் சொல்வதற்கு மேல் அவள் சொல்வதுதான் நடக்கும். தேங்காயெண்ணெய் வாங்கக் கடைக்கு வந்தவளிடம், மைதீன் வீட்டில் கொஞ்சம் எடுத்துச் சொல் என்றேன். எதற்குச் சொட்டு, நான்தான் எண்ணெய் தேய்த்து வெயில் காட்டுகிறேனே என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். எந்த வெயில்? நாங்கள் இருப்பது குடிசைகளை இடித்துக் கட்டிக் கொடுத்த கட்டடம். பக்கத்துக் கட்டடம் எவ்வளவு நெருக்கம் என்றால், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக்காரி கையில் கறிவேப்பிலை கொடுக்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்கும் வீட்டுக்குள் லைட் எரிய வேண்டும். அந்தக் கட்டடத்தில் இவள் எங்கே வெயில் காட்டுகிறாள் என்று ஒருநாள் காலையில் இறங்கி வரும்போது பார்த்தேன். இரண்டாம் மாடி நடையில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, பிள்ளையைக் காலில் போட்டுக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இது வெயிலா என்று கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"அரே அண்ணா, வெளிச்சம் வருதுல்ல, அது போதும்."

யாரும் போகக் கூடாத இடம்

சரி, நிஜ வெயிலாவது கிடைக்கட்டும் என்று மொட்டைமாடிச் சாவி கேட்கப் போனேன். மேடம் அப்போதே சொன்னார், பச்சைப் பிள்ளையை வெயிலில் போட்டு ஈடுகட்ட முடியாது, சொட்டுதான் வழி என்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சாவி எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரியிடம் இருக்கிறது. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். மாடியைப் பூட்டி வருஷக்கணக்காகிறது. வடகம் காயப்போடக் கூடாது, பட்டம் விடக் கூடாது, பெண்கள் தலைகாயவைக்கக் கூடாது. எல்லாம் அவர் போட்ட சட்டம். காலையில் கொஞ்ச நேரம் பிள்ளை பெற்ற தாய்மாரும் கைக்குழந்தைகளும் வெளிக்காற்று வாங்கட்டும் என்று கேட்டேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கூட அழைக்காமல் பதில் சொன்னார். இதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்:

"மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுதான் ஐயா. பொது இடம்கிறதாலதான் அங்க யாரும் போகக் கூடாது."

அழுத்திச் சொல்லாத குற்றம்

பிள்ளைக்கு நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் பால் குடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கை கால் விறைத்துக் கண் மேலே சொருகிவிட்டது. இழுப்பு. தாய்க்காரி ஷமீமா போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் கூடிவிட்டது. ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ரத்தத்தில் கால்சியம் அடியோடு இறங்கியிருக்கிறது, வைட்டமின் டி இல்லாததால் வந்தது, சொட்டு மருந்து கொடுத்தீர்களா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

ஊசி, சோதனை எல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் மைதீன் கடைக்கு வந்தான். பிள்ளையைப் பற்றி விசாரிக்க வாயைத் திறந்தேன். அவன் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு நின்றான். நான் சேட்டுக்காக வியாபாரம் பேசுகிறேன் என்று நினைத்தானாம். பிள்ளை விஷயம் என்றால் வீட்டுக்கு வந்து ஷமீமாவிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூங்கவே இல்லை போலிருக்கிறது. நான் சாவிக்காக அலைந்ததைச் சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை. கடைசியில் அவன் கேட்ட கேள்விதான் இன்றைக்கு வரை எனக்கு ஆத்திரம்:

"நான் வேண்டாம்னு சொன்னா, நீங்க அப்படியே விட்டுருவியளா அண்ணாச்சி?"

வெள்ளிக்கிழமைப் பங்கு

இத்தனைக்குப் பிறகு மனிதன் திருந்துவான் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு மாதம் போயிருக்கும். மைதீன் தன் பேருக்கு எழுதின சீட்டோடு வந்து, தண்ணீரில் கலந்து குடிக்கிற வைட்டமின் டி பாக்கெட் கேட்டான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று என்று எழுதுவது. பட்டறைக்குள்ளேயே கிடக்கிற ஆட்களுக்கு உடம்புவலி வந்தால் டாக்டர்கள் இதைத்தான் கொடுக்கிறார்கள். அவனும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று குடிப்பான், நாள் மறக்காது என்று. எடுத்து வைத்தேன். பையில் போட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னான், நாளையிலிருந்து பாதி எனக்கு, பாதி பிள்ளைக்கு, தினமும் சொட்டு அளக்கிற பாடு மிச்சம், விட்ட மாதங்களுக்கும் சேர்த்து ஈடாகிவிடும் என்று.

மேடம் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அந்த ஒரு பாக்கெட்டில் இருப்பது பச்சைப் பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக மாதக்கணக்கில் போக வேண்டிய சத்து. வாராவாரம் பாதி கொடுத்தால் உடம்பிலேயே தங்கி, கிட்னியைக் கெடுத்துவிடும். நான் பாக்கெட்டைத் திருப்பிக் கேட்டேன். அவன் தரவில்லை. எனக்கு எழுதின சீட்டு, நான் வாங்குகிறேன், என் பிள்ளை என்றான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை நான் விடவில்லை. சேட் கூப்பிடக் கூப்பிடக் கடையை விட்டு இறங்கி அவன் பின்னாலேயே நடந்தேன். கல்லிச் சந்து முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. என்னைத் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே அவன் படியேற, நானும் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, வாசலில் நின்று ஷமீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் புருஷன் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து, பிள்ளைக்கு எட்டாத அலமாரியில் உயரமாக வைத்தாள். அடுப்பு மேடையிலிருந்து சொட்டுக் குப்பியை எடுத்து, ஆஸ்பத்திரியில் கோடு போட்டுக் காட்டின அளவுக்குக் குழாயில் உறிஞ்சி, பிள்ளையை மடியில் போட்டுக் கன்னத்துக்குள் விட்டாள். அவன் சப்புக்கொட்டினான். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றோம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்:

"இவுகளுக்கு எழுதினதை இவுக குடிக்கட்டும், பிள்ளைக்கு எழுதினதைப் பிள்ளை குடிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க, அவன் தூங்கணும்."

பிள்ளைக்கு இப்போது இரண்டு பல் முளைத்துவிட்டது, அப்பன்காரன் ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடையில்தான் அந்தக் குப்பியை வாங்குகிறான், நானும் அவனோடு பேசுவதில்லை, ஆனால் அவன் கையில் என்ன வாங்கிக்கொண்டு போகிறான் என்று எட்டிப் பார்க்காமல் ஒருநாளும் விட்டதில்லை.